பாத்துக்கலாம், கூமே

"முடியாது" என்ற சொல்லைப் போக்தான் வாயிலிருந்து நீஷ் நகரத்தில் யாரும் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம்" என்பான். வம்பெல்லாம் அந்தச் சொல்லில்தான். அங்கே அதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, இனி இது என் பொறுப்பு, நீ கவலையை விடு என்பது. இன்னொன்று, இது நடக்கப்போவதில்லை, உன் மனசு நோகக் கூடாதென்று இப்படிச் சொல்கிறேன் என்பது. எது எந்தப் "பாத்துக்கலாம்" என்று குரலை வைத்துத்தான் பிரித்தெடுக்க வேண்டும். ரெல்யாவுக்கு முப்பத்தெட்டு வயதாகியும் அந்தக் காது வாய்க்கவில்லை.

ரெல்யாவின் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று மோதிரத்தை எடுத்துக் கொடுத்தவன் போக்தான். பெண் பிறந்தபோது இஸ்க்ரா என்று பெயர் வைத்தவனும் அவனே. அப்படிப்பட்டவனைக் கூம் என்பார்கள், இரண்டு பேருமே ஒருவரையொருவர் அப்படித்தான் அழைப்பார்கள். ரத்த சொந்தம் கிடையாது. ஆனால் கூடப்பிறந்த அண்ணனிடம் சண்டை போடலாம், கூமிடம் கூடாது. அவனை நெருக்கக் கூடாது, ஒரே விஷயத்தை இரண்டு தடவைக்கு மேல் கேட்கக் கூடாது.

கூம் ஆவதற்கு முன்னால் அவர்கள் ஏழும் எட்டுமாக இருந்தார்கள். பள்ளிக்கூட நாட்களில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டுக் கூடம் இருந்தது. பதினாறு கம்ப்யூட்டர், ஒரே சிகரெட் நாற்றம். ஏழாம் நம்பர் இருக்கை போக்தானுடையது, எட்டாம் நம்பர் ரெல்யாவுடையது. வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் இரண்டு பேரும் பின்னால் நின்று இருமி இருமியே எழுப்பிவிடுவார்கள். பிறகு கூடம் மூடி அங்கே மருந்துக் கடை வந்தது. வேலை, கல்யாணம், குழந்தை என்று இருபது வருஷம் ஓடிவிட்டது.

ரெல்யா இரும்புப் படிக்கட்டு செய்கிற பட்டறையில் வரைபடம் போட்டுக்கொண்டிருந்தான். செப்டம்பரில் பட்டறை மூடியது. நல்ல வேளையாக வியன்னாவில் ஒரு அலுவலகம், இன்னும் கட்டாத வீடுகளைக் கட்டி முடித்தாற்போலப் படமாக்கித் தரும் வேலையைக் கொடுத்தது. வீட்டிலிருந்தே செய்யலாம், நவம்பர் முதல் தேதி ஆரம்பம். அவனுடைய பழைய லேப்டாப்போ ஒரு படத்துக்கு ஒரு நாள் முழுக்க மூச்சு வாங்கியது. ஆகவே பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துச் சொந்தமாகவே ஒரு கம்ப்யூட்டர் சேர்ப்பது என்று முடிவு செய்தான். பகலில் வேலை, சாயங்காலம் விளையாட்டு. யாரோடு விளையாட்டு என்று அவன் மனைவி துன்யா கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

கோட்டைக்கு எதிரே, சாலைக்கு அடியில் போகிற கடை வரிசையில் போக்தான் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். அக்டோபர் ஆரம்பத்தில் ரெல்யா பட்டியலோடு போனான். போக்தான் காப்பி வைத்துக் கொடுத்துவிட்டு, நுனி பிளந்த சிவப்புப் பேனா ஒன்றை எடுத்தான்.

"இந்தக் கேபினெட்ட யாரு சொன்னா?"

"பாக்க நல்லாருக்கு."

"முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காத்து எப்படிடா உள்ள போகும்? மீன் வளக்கப் போறேன்னா வாங்கு."

சிவப்புக் கோடு விழுந்தது.

"இந்தப் பவர் சப்ளை?"

"அதுல கலர் கலரா லைட் எரியும்."

"எரியும். ஒருநாள் மொத்தமா எரியும்."

இன்னொரு கோடு. ராம் நாலு வேண்டாம், பெரிதாக இரண்டு போதும், பின்னால் சேர்க்க இடம் இருக்கும் என்றான். பிராசஸரில் மட்டும் பேனா நின்றது.

"இது சரி. யாரு சொல்லிக் குடுத்தா?"

"நானேதான் படிச்சுப் பாத்தேன்."

"பரவால்ல எட்டு, தேறிட்ட."

எட்டு! அந்தப் பெயரைக் கேட்டு எத்தனை காலமாகிவிட்டது. ரெல்யாவுக்குக் கன்னம் சூடேறியது. பட்டியலின் கடைசியில் கிராபிக்ஸ் கார்டு இருந்தது. லெஸ்கோவாட்ஸ் என்ற பக்கத்து ஊரில் ஒருத்தன் பழையது விற்பதாக விளம்பரம் போட்டிருந்தான். போக்தான் அதை ஒன்றுக்கு இரண்டாகக் கோடு போட்டு அடித்தான்.

"ராப்பகலா எவன் வீட்டுலயோ சூட்டுல வெந்த கார்டு இது. தொடாத."

"அப்ப எத வாங்கறது?"

"கார்ட பாத்துக்கலாம், கூமே. பட்டியல் எங்கிட்டயே இருக்கட்டும்."

"ஒண்ணாந்தேதி வேல ஆரம்பம்டா."

"அதான் பாத்துக்கலாம்னேன்ல. காப்பி ஆறுது, குடி."

பத்து நாள் கழித்து மறுபடி போனான். போக்தான் ஸ்குரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். ரெல்யாவைப் பார்த்ததும் எதையோ காலால் மேசைக்கு அடியில் தள்ளினான். குப்பையை ஒளிக்கிறான் என்று ரெல்யா நினைத்துக்கொண்டான்.

"கூமே, அந்தக் கார்டு விஷயம்..."

"பாத்துக்கலாம், கூமே, பாத்துக்கலாம்." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

கேட்டது இரண்டு தடவை ஆகிவிட்டது. மூன்றாவது தடவை கேட்க வழியில்லை. வீட்டுக்கு நடக்கும்போது போக்தானின் பழைய "பாத்துக்கலாம்"கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. சரிசெய்து தருகிறேன் என்ற பால்கனிக் கதவு இன்னும் முனகுகிறது. மொராவா ஆற்றில் மீன் பிடிக்கப் போகலாம் என்று சொல்லி இரண்டு கோடை போய்விட்டது. கல்யாணத்துக்கு வாத்தியக்காரர்கள் கிடைக்காமல் தவித்தபோது அதே சொல்லைச் சொல்லிவிட்டு ஒன்பது பேரை வண்டியோடு கொண்டுவந்து நிறுத்தியதும், பனியில் புதைந்த காரை மலைப்பாதைவரை வந்து இழுத்ததும் அன்றைக்கு அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கோபக்காரனுக்கு வேண்டியதை மட்டும்தானே மனசு எடுத்துக் கொடுக்கும்.

"நேராவே கேளேன், பண்றியா இல்லியான்னு," என்றாள் துன்யா.

"கூம்கிட்டயா?"

"வாய் எதுக்கு இருக்கு? பூரேக் திங்க மட்டுமா?"

அவன் கேட்கவில்லை. பெல்கிரேடு கடை ஒன்றில் எல்லாப் பாகங்களையும் இணையத்தில் வரவழைத்தான். பவர் சப்ளையும் கேபினெட்டும் போக்தான் சொன்ன மாதிரியே வாங்கினான் என்பதையும் சொல்ல வேண்டும். ரோஷம் இருந்ததே தவிர முட்டாள்தனம் இல்லை. கார்டில்தான் ரோஷம் ஜெயித்தது. பஸ் ஏறி லெஸ்கோவாட்ஸ் போய், தொடாதே என்று சொன்னதையே வாங்கிவந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் எல்லாவற்றையும் பரப்பினான். பிராசஸரை உட்காரவைத்துக் கம்பியை அழுத்தும்போது நெறுக்கென்று சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்று வீடியோவில் சொன்னார்கள். அவன் பயந்தான். இரண்டு ஸ்குரூ காணாமல் போய், இஸ்க்ரா கம்பளத்துக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்சைப் போடவில்லை என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அப்புறம் விசிறிகள் சுழன்று திரையில் எழுத்து வந்தபோது "டேய்!" என்று கத்திக்கொண்டே இடது பக்கம் திரும்பினான். ஏழாம் நம்பர் எப்போதும் இடது பக்கம்தான். அங்கே துணி அலமாரி இருந்தது.

போனை எடுத்துப் போக்தான் பெயர்வரை போனான். பிறகு கீழே வைத்துவிட்டான்.

வியன்னா வேலை நன்றாகவே ஓடியது. விளையாட்டுதான் திக்கித் திணறியது. லெஸ்கோவாட்ஸ்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ரெல்யா மூன்று வாரம் அவனைத் திட்டித் தீர்த்தான்.

நவம்பர் பதினாறு அவர்கள் வீட்டு ஸ்லாவா, குடும்பப் புனிதரின் நாள். ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வர வேண்டியவர்கள் தாமாக வருவார்கள், அழைத்தால்தான் தப்பு. போக்தான் பதினான்கு வருஷமாக ஒரு தடவையும் தவறியதில்லை. காலையிலேயே துன்யா சொன்னாள்: "அந்தக் கம்ப்யூட்டர் மேல ஒரு துணியாவது போடு. அவன் மனசு கஷ்டப்படும்."

ரெல்யா போடவில்லை. அணைக்கக்கூட இல்லை. பார்க்கட்டும், நீ இல்லாமலும் நடந்தது என்று தெரிந்துகொள்ளட்டும் என்று உள்ளே ஒரு அற்பபுத்தி இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அவனுக்குக் கூசுகிறது.

விருந்தாளிகளில் முதல் ஆளாகப் போக்தான் வந்தான். நடையில் கோட்டைக் கழற்றி மாட்டினான், ஒரு பெரிய பெட்டியைக் கோட்டுகளுக்கு அடியில் வைத்தான். உள்ளே வந்து மூன்று முத்தம் கொடுத்து, "ஸ்லாவா வாழ்த்துகள், வீட்டுக்காரா!" என்றான். முகம் முழுக்கச் சிரிப்பு. ஏதோ ரகசியத்தை மறைக்கத் தெரியாத குழந்தையின் சிரிப்பு அது. ஒரு கரண்டி இனிப்புக் கோதுமையை வாயில் போட்டுக்கொண்டு திரும்பினான், மூலையில் ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தான். சாப்பிட்ட கரண்டியைத் தண்ணீர்க் குவளையில் போட வேண்டும் என்பது வழக்கம். அவன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"முடிச்சுட்டியா?"

"ஒண்ணாந்தேதி வேல ஆரம்பிச்சுட்டாங்க கூமே, அதான்..."

"ஆமா. ஒண்ணாந்தேதின்னு சொன்ன." குனிந்து உள்ளே பார்த்தான். "வயரெல்லாம் அழகா கட்டிருக்க. நல்லபடியா ஓடட்டும்."

ரெல்யா ஒரு விளையாட்டைப் போட்டுக் காட்டினான். திரையில் ஓடியவன் நொண்டி நொண்டி ஓடினான். போக்தான் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பின்பக்கம் கையை விட்டு ஒரு கேபிளைப் பிடுங்கி வேறு இடத்தில் செருகினான். திரை ஒருமுறை இருண்டு மறுபடி வந்தது. ஓடியவன் இப்போது வழுக்கிக்கொண்டு ஓடினான்.

"மானிட்டர கார்டுல குத்தாம மதர்போர்டுல குத்தி வெச்சிருக்க. மூணு வாரமா கார்டுக்கு லீவு விட்டுட்டியே, கூமே."

வந்திருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். போக்தானும் சிரித்தான். அந்த வீட்டில் அவன் சொன்ன கடைசி வேடிக்கை அதுதான்.

வழக்கமாகக் கடைசி ஆளாகத்தான் கிளம்புவான். அன்றைக்கு இரண்டு முட்டைக்கோஸ் சுருளைத் தின்றுவிட்டு, வறுத்த பன்றிக்கறி மேசைக்கு வருவதற்குள் எழுந்துவிட்டான். ரெல்யா நடைவரை போனான். போக்தான் கோட்டை மாட்டிக்கொண்டு குனிந்து பெட்டியை எடுத்தான். அதன் பழுப்புக் காகிதத்தின் மேல், நுனி பிளந்த சிவப்புப் பேனாவால், பெரிதாக எட்டு என்று போட்டிருந்தது.

"இது என்ன?"

"வாடிக்கையாளரோடது. போற வழியில குடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை. கடை கிடையாது. எட்டாம் நம்பர் வாடிக்கையாளர் இந்த ஊரிலேயே ஒருத்தன்தான். போக்தான் சொல்வது பொய் என்று ரெல்யாவுக்குத் தெரிந்தது. தனக்குத் தெரிந்துவிட்டது என்பது போக்தானுக்குத் தெரிகிறது என்பதும் தெரிந்தது. "குடுடா, அது என்னோடது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பெட்டியைப் பிடுங்கியிருக்கலாம். கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம். வெட்கம் வாயை அடைத்தது.

"சரி, பாத்துப் போ. படி வழுக்கும்," என்றான்.

லெஸ்கோவாட்ஸ் போனதை அவன் தன்னையே மன்னித்துக்கொள்வான். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை.

ஜனவரியில், கீபோர்டு வாங்குகிற சாக்கில் கடைக்குப் போனான். போக்தான் மரியாதையாக வரவேற்றான். விருந்தாளிகளுக்கு வைக்கிற பூப்போட்ட கோப்பையில் காப்பி கொடுத்தான். ரெல்யாவுக்கு இதுவரை கைப்பிடி உடைந்த கோப்பைதான். உள்ளறை மேசையில் ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பட்டியலில் சிவப்புப் பேனா விட்டுவைத்தது, மாற்றியது எல்லாம் அதில் இருந்தன. பக்கவாட்டில் ஏழு என்று ஒட்டியிருந்தது. அதற்கு வலது பக்கம், அதே அகலத்துக்கு, மேசை காலியாக இருந்தது. ரெல்யா கீபோர்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்த ஸ்லாவாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், ரொட்டியை வெட்டினார்கள், எல்லோரும் வந்தார்கள். மேசையின் தலைமாட்டில் போக்தானின் நாற்காலி காலியாக இருந்தது. ஸ்லாவாவன்று வீட்டுக்காரன் உட்காரக் கூடாது, நின்றுகொண்டுதான் பரிமாற வேண்டும். ஆகவே ரெல்யா நின்றபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மணிவரை பொறுத்த துன்யா அவனைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"போன் பண்ணு."

"ஸ்லாவாவுக்கு யாராவது கூப்புடுவாங்களா?"

"நீ கூப்புடு. மானம் போனா போகட்டும்."

மணி நீண்ட நேரம் அடித்தது.

"சொல்லு, கூமே."

"கறி ஆறுது."

"ஜனம் நெறயவா?"

"இருக்காங்க. நீ இல்ல." ரெல்யா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஏழு... எட்டு பேசறேன்டா. அந்தப் பெட்டி எனக்குன்னு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் உன்ன அனுப்பிட்டேன். தப்புடா. வா."

அந்தப் பக்கம் ஒரு விசிறி சுழல்கிற சத்தம் கேட்டது. பிறகு போக்தான் மெதுவாக, மிகவும் அன்பாகச் சொன்னான்:

"பாத்துக்கலாம், கூமே."

இது எந்தப் "பாத்துக்கலாம்" என்று ரெல்யாவுக்கு இந்தத் தடவை காது கேட்டது.

"என்ன சொன்னான்?" என்று துன்யா கேட்டாள்.

"பாத்துக்கலாம்னான்."

"எப்படிச் சொன்னான்?"

அவன் போனை மேசையில் வைத்தான். துன்யா அவன் முகத்தைப் பார்த்தாள். கூடத்துக்குப் போய், தலைமாட்டில் இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த அறையில் போட்டுவிட்டு வந்தாள்.