ஜல்லித் திடலில் உப்புக்கொத்தி

ஹிபிகி கடலோரத்து ரசாயன ஆலையில் குசாபா யோரிகோவுக்குக் கழிவுநீரைச் சோதிக்கும் வேலை. மாதம் ஒரு காலை ஆலை வளாகத்துப் பறவைகளையும் எண்ணுவாள். அது அவளாக இழுத்துப் போட்டுக்கொண்டது. குழாய்ப் பாலத்தில் நீலப் பூங்குருவி, குளிர்நீர்க் குளத்தில் வாத்து, கிட்டங்கிக் கூரையில் வாலாட்டி. கூட வேலை செய்கிறவர்கள் இதைப் பொழுதுபோக்கு என்றார்கள். அவளும் மறுத்துப் பேசி ஓய்ந்துவிட்டாள்.

இந்த வசந்தத்தில் மேற்கு வேலியோரத்து ஜல்லித் திடலில் ஒரு ஜோடி பட்டாணி உப்புக்கொத்தி வந்திறங்கியது. வெறும் கல்தரையில் முட்டையிடும் சின்னப் பறவை அது. மழைக்காலத்துக்கு முன் அதே திடலில் தார் போட்டு லாரி நிறுத்துமிடம் ஆக்கவேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. முட்டையுள்ள கூடு இருந்தால் வேலையை நிறுத்துவோம் என்று ஆலை ஊருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது. ஆனால் அவள் பார்த்தால் மட்டும் போதாது, தார் வேலையை நடத்தும் மேஸ்திரியும் கண்ணால் பார்க்க வேண்டும். போன வருடம் அவள் ஊரில் இல்லாதபோது வேறொரு திடலுக்குத் தார் போட்டுவிட்டார்கள். திரும்பி வந்தவள், அங்கே முட்டையிட்டிருந்த பறவைகள் கறுப்புத் தரையில் இங்குமங்கும் ஓடி எதையோ தேடுவதைப் பார்த்தாள். நினைத்தால் இன்னும் அவளுக்குச் சோறு இறங்காது.

போன வாரம் காரியத்தைக் கெடுத்ததும் அவளேதான். அந்த ஆலையில் எதைச் சரிபார்த்தாலும் விரலை நீட்டி உரக்கச் சொல்லவேண்டும். "வால்வு மூடியிருக்கு, சரி!" பக்கத்தில் நிற்பவர்களும் விரல் நீட்டித் திருப்பிச் சொல்ல வேண்டும். வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு அதையும் சுட்டிச் சொல்லித் தொலைக்கிற ஜனங்கள் இவர்கள். பறவை கல்லுக்கு நடுவே உட்கார்ந்ததைக் கண்டதும் யோரிகோவின் விரல் தானாக நீண்டது, வாய் தானாகத் திறந்தது. "உப்புக்கொத்தி, சரி!" பறவை பறந்தது. எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் என்பதும் மறந்துபோயிற்று. கூட வந்திருந்த மேஸ்திரி குனிந்து குனிந்து தேடியும் முட்டை கிடைக்கவில்லை.

இன்று ரோலர் வந்து நின்றுவிட்டது. தார் லாரியும் வழியில் இருந்தது.

"மறுபடியுமா, குசாபா-சான்?" என்றார் முனாகதா மேஸ்திரி. "போன தடவ குனிஞ்சு பாத்ததுல இடுப்பு பிடிச்சுக்கிச்சு. எதத் தூக்குனீங்கன்னு வீட்ல கேக்குறா. கல்லப் பாத்தேன்னா நம்ப மாட்டேங்குறா."

"ரோலர் சூடாகுற வரைக்கும் போதும், மேஸ்திரி. வாயத் தொறக்காதீங்க. கையும் நீட்டாதீங்க."

"வாய மூடிக்கிட்டு இருந்தா எவன் என்னைய மேஸ்திரிங்குறான்?"

இருந்தாலும் வந்தார். இருவரும் சிமென்ட் குழாய்களுக்குப் பின்னால் குந்தினார்கள். யோரிகோ இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பறவை ஓடியது, நின்றது, ஓடியது, உட்கார்ந்தது. அதற்கு நேர் பின்னால் இருந்த வேலிக் கம்பத்தை மனதில் குறித்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

கிட்டே போனதும் பறவை எழுந்து ஒரு சிறகைத் தரையில் இழுத்துக்கொண்டு விலகியது.

"அடிபட்டிருக்கு, பாவம்," என்று மேஸ்திரி அதன் பின்னால் கிளம்பினார்.

யோரிகோ அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "நடிக்குது. நம்மள அந்தப் பக்கம் இழுக்கப் பாக்குது. நீங்க கீழ பாருங்க."

அவர் குனிந்தார். பூட்ஸ் முனைக்கு ஒரு முழம் தள்ளி, ஜல்லி நிறத்திலேயே நாலு முட்டைகள். மேஸ்திரி நிமிர்ந்தார், முதுகு நேரானது, வலக்கை காதுவரை போய் முன்னால் பாய்ந்தது.

"முட்டை நாலு, சரி!"

பின்னால் ரோலர் அருகே நின்றவர்கள் எதற்கு என்று கூடத் தெரியாமல் விரல் நீட்டினார்கள். "முட்டை நாலு, சரி!"

மேஸ்திரி இன்னும் நீட்டியபடியே இருந்த தன் விரலைப் பார்த்தார். பல்லைக் கடித்தார்.

"பாழாப்போன வாயி," என்றார். "ஒண்ணும் தெரியலன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"தெரியும், மேஸ்திரி."

சுட்டிச் சொன்னதை இல்லை என்று மாற்றிப் பேசிய ஆள் அந்த ஆலையில் ஒருவரும் கிடையாது. அவர் போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டார். எதிர்முனைக் குரல் யோரிகோவுக்கே கேட்டது. யார் பார்த்தது என்று அது கேட்டது. மேஸ்திரி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவர் தப்பித்துக்கொள்ள அவள் பெயரைச் சொல்வார் என்று யோரிகோ நினைத்தாள். திட்டு வாங்கவும் தயாராக இருந்தாள்.

"நான்தான் பாத்தேன்," என்றார் அவர். "நானே குரல் குடுத்தேன். பசங்களும் திருப்பிச் சொல்லிட்டாங்க."

அதற்குப் பிறகு அவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். காது சிவந்தது. போனைக் காதில் வைத்தபடியே பலமுறை தலை குனிந்து வணங்கினார். தார் இனி மழைக்காலம் முடிந்துதான், அதுவரை வாங்கும் பேச்செல்லாம் அவர் தலையில்தான். யோரிகோ அவர் முன் குனிந்து வணங்கினாள். "நன்றி" என்றாள்.

"என்னை எதுக்குக் கும்பிடுறீங்க? என் விரலக் கும்பிடுங்க," என்றார் மேஸ்திரி எரிச்சலோடு.

பறவை வேலியோரம் நின்று இவர்கள் போவதற்காகக் காத்திருந்தது. ரோலரைப் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் ஆள் இல்லை என்று சுட்டிச் சொல்லாமல் வண்டி நகராது. மேஸ்திரி போய் நின்றார், விரலை நீட்டினார், திடலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"பின்னாடி, சரி," என்று காதோடு சொல்வதுபோல் சொன்னார்.

ஆட்களும் அதேபோல் முணுமுணுத்தார்கள்.