உமி மூட்டைகளுக்குப் பாடியவள்

"நீ பாடி மனுஷா யாராவது கேட்டிருக்காளா, மன்னி?" என்று ஜானு ஒரு முறை கேட்டாள். ஜானு கணவரின் தங்கை, கேலிக்குத்தான் கேட்டாள். தர்மாம்பாள் சிரித்து மழுப்பிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். ஆனால் அந்தக் கேள்வி பல வருஷம் அவளுக்குள் முள்ளாய்க் கிடந்தது.

அவள் பாடியதெல்லாம் உமி மூட்டைகளுக்கு.

அவள் கணவர் பட்டாபிராமனுக்கு, கட்டடங்களில் ஒலியைச் சீராக்குவது தொழில். சிறுவயதில் கோயில் கல் மண்டபத்தில் நாகஸ்வரம் கேட்கப் போய், ஒரு சங்கதியின் மேல் அடுத்த சங்கதி விழுந்து எல்லாம் கூழானதைப் பார்த்து அழுதவர் அவர். அவருக்குப் பாட்டு வராது, சுருதி சேராது. சங்கீதம் வந்து இறங்க நல்ல இடமாவது அமைத்துக் கொடுப்போம் என்று, மராமத்து இலாகாவில் பார்த்த ஓவர்சியர் வேலையை விட்டார். எதிரொலியை அடக்க எந்தச் சுவரில் கயிற்றுப் பாய் அடிப்பது, எந்த மூலையில் பலகை கட்டுவது என்ற யோசனையிலேயே தலை நரைத்தது. பேசும் படம் வந்த பிறகு கொட்டகை முதலாளிகள் வண்டி அனுப்பி அழைத்தார்கள்.

காலி மண்டபம் கத்தும், ஆள் நிறைந்தால் அடங்கும் என்பார் அவர். மனித உடம்பு சத்தத்தைக் குடித்துவிடுமாம். அதனால் ஆளுக்குப் பதிலாக நாற்காலிதோறும் ஓர் உமி மூட்டையை உட்கார வைப்பார். வேலையாட்களை வெளியே அனுப்பிவிட்டு, மேடையில் மனைவியைப் பாடச் சொல்வார். குடும்பப் பெண் ஆண்கள் முன்னால் பாடுவதாவது? கடைசி வரிசையில் மூட்டைகளோடு மூட்டையாக அவர் மட்டும் உட்கார்ந்து கேட்பார். பாடி முடிந்ததும், "மண்டபம் என்ன சொல்றது, தர்மா?" என்பார். இடது சுவர் இரைகிறது, மேலே ஏதோ கமறுகிறது என்று அவள் சொல்வாள். அதன்படி பாய் ஏறும், இறங்கும். அவள் சொல்லை அவர் ஒரு நாளும் தட்டியதில்லை.

யுத்தம் முடிந்த வருஷம், வில்லாபுரம் போகிற சாலையில் ஒரு சங்கீத சபை கட்டினார்கள். திறப்பு விழாவில் கடவுள் வாழ்த்தைத் தர்மாம்பாளே பாடட்டும் என்றார் சபைத் தலைவர் வக்கீல் வெங்கட்ரமணன். காலம் மாறிவிட்டதாம். பட்டாபிராமன் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது, "பாடேன்" என்றார். அன்று முழுக்க அவள் அடுப்படியில் அதையே பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோதனை பார்க்கும் நாள் வந்தது. மூட்டைகளை அடுக்கினார்கள். அவள் பாடினாள். இவ்வளவு நல்ல மண்டபம் அவளுக்கு வாய்த்ததே இல்லை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகப் போய் இறங்கிற்று. கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவளைக் கடைசி வரிசையிலிருந்து வந்த குரல் நிறுத்தியது.

"என்ன முணுமுணுக்கறே? ஆரம்பியேன்."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். வீட்டில் பால்காரன் கூப்பிடுவது அவர் காதில் விழாததும், பேசுகிறவர்களையெல்லாம் அவர் வாயைத் திறந்து பேசச் சொல்வதும் அப்போதுதான் அவள் மனதில் ஒன்றாகச் சேர்ந்தன. மறுபடி உரக்கப் பாடினாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சுவரே எல்லாத்தையும் முழுங்கறது. பாயைப் பிச்சுடணும்" என்று மேடைக்கு அருகே வந்து சொன்னார். பிறகு வழக்கம்போல, "மண்டபம் என்ன சொல்றது?" என்று கேட்டார்.

காது போய்விட்டது என்று சொன்னால் இந்தத் தொழிலே போய்விடும். காது போனவர் கட்டிய மண்டபம் என்று ஊர் பேசும். திறப்பு விழா தள்ளிப்போகும். அவள் பாட்டு அதோடு போனதுதான். கடைசியாக மனதில் வந்த எண்ணம் இதுவே என்றாலும், நாக்கைக் கட்டிப் போட்டது இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீங்க சொன்னா சரி" என்றாள்.

பாய் அடிக்கிற மேஸ்திரி காசிமாயன் உள்ளே வந்தான். கதவுக்கு வெளியே நின்று கேட்டிருப்பான் போல. சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நல்லாத்தானம்மா கேட்டுச்சு. அம்புட்டையும் பிக்கணுமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஐயா சொல்றபடி செய்."

விழா அன்று மழை. பாதி நாற்காலிகள் நிரம்பவில்லை. தர்மாம்பாள் முதல் அடியைப் பாடினாள். அது வெறும் சுவரில் மோதித் திரும்பி வந்து, இரண்டாம் அடியின் கழுத்தைப் பிடித்தது. மூன்றாவது எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. முன் வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, இருவரும் துண்டால் வாயை மூடிக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் பேச்சு எழுந்தது. கடைசி வரிசையில் பட்டாபிராமன் மட்டும் தலையை ஆட்டி ஆட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தத் தாளத்தைப் பார்த்துக்கொண்டேதான் அவள் பாடி முடித்தாள்.

மேடைக்குப் பின்னால் அவர் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "கடைசி வரிசை வரைக்கும் வந்து விழுந்தது, தர்மா" என்றார்.

பின்னாலேயே வெங்கட்ரமணன் வந்து அவர் தோளைப் பிடித்து, மழைச் சத்தத்துக்கு மேல் காதருகே கத்தாத குறையாகப் பேசினார். "என்ன ஓய், இப்படிப் பண்ணிட்டீர்? ஒரு அட்சரம் புரியலை. கிணத்துக்குள்ள பாடின மாதிரின்னா இருந்தது. பாவம், இவாளைச் சொல்லிக் குத்தமில்லை."

சிரிப்பு மெல்ல இறங்கியது. பட்டாபிராமன் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்குப் பாயோட மண்டபம் சரியாத்தான் இருந்துதா?"

"இருந்தது" என்றாள்.

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்குக் கேட்கவில்லை என்று புரிந்து, அவள் ஆமென்று தலையை அசைத்தாள்.

மேடையில் அடுத்த கச்சேரிக்குத் தம்பூரா மீட்டத் தொடங்கினார்கள். பட்டாபிராமன் மேல்துண்டை எடுத்து முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டார். பிறகு பக்கவாட்டுக் கதவைத் திறந்து, மழையில் இறங்கிப் போனார்.