மூன்றாம் வருஷத்து உழவு

எங்கள் நிலத்தை மறித்த வேலியின் இரும்புக் கதவைத் திறந்த சிப்பாய் நான்கு விரல்களைக் காட்டினான். நான்கு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். கழுதையையும் ஏரையும் இழுத்துக்கொண்டு நானும் அக்கா ஹுஸ்னிய்யாவும் எங்கள் குன்றில் ஏறினோம். எங்கள் குன்று என்று வாய்தான் சொல்கிறது. உச்சியில் குடியேறிகளின் சிவப்பு ஓட்டு வீடுகள் பனிமூட்டத்தில் மிதந்தன. போன வருஷத்தைவிட ஒரு வரிசை கீழே இறங்கியிருந்தன.

அந்தக் குடியிருப்புகள் செல்லாது என்று ஹேக் நகரத்து நீதிபதிகள் சொல்லியாயிற்று. அன்று நாப்ளஸிலிருந்து கனாஃபா வரவழைத்து ஊரே இனிப்புத் தின்றது. ஆனால் போன வாரம் எங்கள் வக்கீல் ரஹாஃப் தலையில் அடித்துக்கொண்டாள்.

"உலகமே உங்க பக்கந்தான் அத்தை. ஆனா இங்க செல்லுறது துருக்கிக்காரன் காலத்துச் சட்டம். மூணு வருஷம் உழாத நிலம் சர்க்காருக்கு. வானத்துலேருந்து படம் எடுக்குறாங்க. ரெண்டு வருஷமா உங்க நிலம் வெளுத்துக் கெடக்கு. இந்தத் தடவை ஒரு துண்டு விட்டாலும் அந்தத் துண்டுல வந்து உக்காந்துடுவாங்க. ஏன் உழாம விட்டீங்க?"

காரணம் எனக்குத் தெரியும். அத்தான் பாதாம் மரத்தடியில், உழுதுகொண்டிருக்கும்போதே சரிந்தார். அடக்கம் செய்தது ஊர் மையவாடியில். அவளுக்கோ அவர் இன்னும் அந்த மரத்தடியிலேயேதான் படுத்திருந்தார். நிலத்துக்குப் போக வருஷத்துக்கு இரண்டே நாள் அனுமதி. அந்த இரண்டு நாளும் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு இறங்கி வருவாள். பைத்தியமே என்று நானே திட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் என் நாக்கு கூசுகிறது.

இன்று இரண்டாம் நாள். மரத்தடி தவிர எல்லாம் உழுதாயிற்று. காற்றே இல்லை, ஆனாலும் பூ உதிர்ந்துகொண்டிருந்தது. பனியும் பூவும் ஒரே வெண்மை. கழுதையின் காதுகள் மட்டும் தெரிந்தன. மரத்தடிக்கு வந்ததும் அது நின்றது. அக்காவும் நின்றாள்.

"அக்கா, மூணே முக்கால் ஆச்சு. நான் ஓட்டட்டுமா?"

"நீ ஓட்டுனா உங்க அத்தான் எழுந்து வந்து அடிப்பாரு. உனக்கு என்னைக்குடா நேரா ஓட்ட வந்துச்சு?"

கீழே கதவருகே சிப்பாய்கள் ஹாரன் அடித்தார்கள். அவள் செருப்பைக் கழற்றினாள். மேழியைப் பிடித்துக்கொண்டு மண்ணை நோக்கிக் குனிந்தாள். மூத்த மகனின் அப்பா என்றுதான் புருஷனைக் கூப்பிடுவாள், உயிரோடிருந்த நாளிலும்.

"அபூ மாஜித், கொஞ்சம் தள்ளிப் படுங்க."

தூக்கத்தில் ஒரு மனிதன் புரண்டு படுக்கும் நேரம் காத்திருந்தாள். பிறகு கழுதையைத் தட்டினாள்.

கதவருகே வந்து திரும்பிப் பார்த்தேன். பனி விலகியிருந்தது. சரிவு முழுக்க ஈரமண் கருத்து, உழவுச் சால்கள் நேராக ஓடின. பாதாம் மரத்தடியில் மட்டும் அவை ஓர் ஆள் நீளத்துக்கு லேசாக வளைந்து, மறுபடி நேராகிப் போயின.