பாதி ஆக்சிலேட்டர்

மெக்கானிக் பெண்டாட்டியின் கார் இழுக்கவில்லை என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? சிரிக்கத்தான் செய்தது. நான்கு மாதமாக அந்தச் சின்ன வெள்ளைக் கார் தீராத நோயாளி மாதிரி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. ஏர் ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. பிளக் புதுசு. பெட்ரோல் பம்பைச் சோதித்து, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்று நான்கு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றியும் பார்த்தாகிவிட்டது. எல்லாம் சரியாக இருந்தது. சரியாகத்தான் இருக்கும் என்பது மெக்கானிக்குக்கு முன்பே தெரியும். கோளாறை வைத்தவனே அவன்தான்.

ஆக்சிலேட்டருக்கு அடியில், தரை விரிப்புக்குள், தீப்பெட்டி அளவுக்கு ஒரு ரப்பர் கட்டை. எவ்வளவு அழுத்தினாலும் மிதி பாதியில் நின்றுவிடும்.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவள் கார் ஓட்ட ஆரம்பித்த மாதம், அதே வெள்ளை நிறத்தில் ஒரு காரைக் கட்டி இழுத்து வந்தார்கள். முன்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. உள்ளே ஒற்றைச் செருப்பு கிடந்தது. குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பு. அவளுடையதும் அப்படித்தான் தேயும். இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ரப்பரை வெட்டி வைத்துவிட்டான். வேகம் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்று கணக்குப் போட்டான். இருபது வருடம் வண்டி பார்த்தவன் போடுகிற கணக்கா அது? பயந்தவன் போட்ட கணக்கு.

எடுத்துவிடலாம் என்று மூன்று தடவை குனிந்தான். மூன்று தடவையும் அந்தச் செருப்பு கண்ணுக்கு முன்னால் வந்தது. தூசியைத் தட்டிவிட்டு நிமிர்ந்துவிட்டான். புலி வாலைப் பிடித்த கதைதான். வைத்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், படுத்துக் கிடப்பவர்களை எழுந்து நடக்க வைப்பவள். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த மறுவாழ்வு மையத்தில் பெரிய பொறுப்புக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளோ வாயே திறக்கவில்லை. தினமும் காலையில் உள்ளங்காலில் ரப்பர் பட்டையை மாட்டி, பாதத்தைக் கீழே அழுத்தி அழுத்தி எடுப்பாள். நோயாளிக்குச் சொல்லிக்கொடுக்க ஒத்திகை பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவன் டீயைக் குடிப்பான்.

அன்று ஒர்க்‌ஷாப் எலக்ட்ரீஷியன் சும்மா இருக்காமல் கோளாறு காட்டும் ஸ்கேனரை அந்தக் காரில் மாட்டிவிட்டான்.

"அண்ணே, இங்க பாருங்க. முழுசா மிதிச்சும் மிதி நாப்பத்தஞ்சு சதவீதத்துக்கு மேல காட்டல. இன்ஜின் மேல தப்பே இல்ல. மிதியிலதான் என்னவோ இருக்கு." சொல்லிக்கொண்டே குனியப் போனான்.

"விடுடா!" மெக்கானிக் அவன் தோளைப் பிடித்து இழுத்தான். "சென்சார் போயிருக்கும். ஆர்டர் போட்டுக்கலாம்."

"அது வர்ற வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது." வாசலில் அவள் நின்றிருந்தாள். "ஏறுங்க. நெடுஞ்சாலை வரைக்கும் நான் ஓட்டறேன். கோளாறு வண்டியிலயா, என்கிட்டயான்னு பாத்துச் சொல்லுங்க."

"நானே ஓட்டிப் பாக்கறேனே."

"நீங்க ஓட்டி எனக்கு என்ன தெரியப் போகுது? ஏறுங்க."

ஏறினான். வேறு வழி?

நெடுஞ்சாலையில் போய்ச் சேரும் பாதை மேடாக ஏறியது. ஒரு பக்கம் இரும்புத் தடுப்பு, மறுபக்கம் இடைவெளி விடாமல் வண்டிகள். கிடைத்த இடைவெளியில் அவள் நுழைந்தாள். கார் முனகிக்கொண்டு ஊர்ந்தது. கண்ணாடியில் ஒரு லாரியின் முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹாரன் காதைப் பிளந்தது.

"மிதி!" என்று கத்தினான். பிரேக்கும் இல்லாத, ஆக்சிலேட்டரும் இல்லாத தன் பக்கத்துத் தரையைக் காலால் அழுத்தினான்.

"மிதிச்சுட்டுதான் இருக்கேன்! கீழ போகல!"

"ரப்பர் இருக்கு! அடியில ரப்பர் இருக்கு! நான்தான் வெச்சேன்! ஓரங்கட்டு!"

லாரி கடைசி நொடியில் விலகி உரசாமல் போனது. அதன் காற்றில் கார் ஆடியது. அவள் ஓரமாக நிறுத்தினாள்.  பிறகு அவள் குனிந்து விரிப்பைக் கிழித்து ரப்பரை எடுத்தாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். நொறுங்கிய காரை, செருப்பை, மூன்று தடவை குனிந்ததை. திட்டுவாள், திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தான். அவள் வலது காலை ஷூவிலிருந்து உருவி, பாதத்தை மெல்லக் கீழே வளைத்துப் பார்த்தாள்.

"நாலு மாசமா என் காலுதான் விழுந்துட்டு வருதுன்னு நினைச்சேன். அதான் தினமும் பட்டை மாட்டிப் பயிற்சி பண்ணேன். நரம்பு டாக்டரைக்கூடப் பாத்துட்டு வந்தேன். ஒண்ணுமில்லன்னார். நான் நம்பல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க பயந்துடுவீங்கன்னு."

அவன் தலை கவிழ்ந்தது. 

"என் காலே என் பேச்சைக் கேக்கல, ஊரார் காலை நான் எப்படி நடக்க வைக்கறது? நாளைக்கு முடியாதுன்னு சொல்றதாத்தான் இருந்தேன்." ரப்பரை அவன் மடியில் வைத்தாள். "இறங்குங்க. இப்பவே மையத்துக்கு நேர்ல போய், வேலைக்கு வரேன்னு சொல்லிட்டு வரேன். திரும்பும்போது ஏத்திக்கறேன்."

"நானும் வரேனே."

"நீங்க பக்கத்துல இருந்தா என் காலு பாதிக்கு மேல இறங்காது."

இறங்கினான். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், இடைவெளிக்குக் காத்திருந்தாள், மிதித்தாள். கார் அம்பாகக் கிளம்பியது.  இன்ஜின் சத்தத்தில் ஒரு குறையும் இல்லை.

போன் அடித்தது. எலக்ட்ரீஷியன். "அண்ணே, சென்சார் ஆர்டர் போட்டுடட்டா?"

தடுப்புக்கும் லாரிகளுக்கும் நடுவில், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், கையில் ரப்பரோடு நின்றான். இந்த ஒரு வார்த்தையை நாளைக்கு ஊரே பேசும் என்று தெரிந்துதான் சொன்னான்.

"வேணாம்டா. மிதிக்கு அடியில நான்தான் கட்டை வெச்சிருந்தேன்."