எண்ணெய் படாத தலை

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்த என் மருமகள் நிருபமாவை நிறுத்தி, தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு வரச் சொன்னேன். முந்தின நாள் சாயங்காலம் சீயக்காய் போட்டுத் தலைக்குக் குளித்தவள் அப்படியே விட்டிருந்தாள். காய்ந்த முடி காதோரம் பறந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டுப் பெண் யாரும் அந்தக் கோலத்தில் மல்லேஸ்வரத்துத் தெருவில் நடந்ததில்லை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரி மாமா" என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தேங்காய் எண்ணெய் பளபளக்க, ஒரு மயிர் பிசகாமல் பின்னியிருந்தாள். எனக்குத் திருப்தியாக இருந்தது. நானும் கோட்டை மாட்டி, ஜரிகைப் பேட்டாவைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

மகாராஜா காலத்தில் என் அப்பா உத்தியோகத்துக்கு அணிந்து போன அதே மாதிரித் தலைப்பாகை. நானும் ஓய்வு பெறும்வரை அணிந்தேன். அதன் பிறகும், அது இல்லாமல் வெளியார் முன் நின்றதில்லை. பட்டில் கறை ஏறும் என்பதால் வாலிபத்திலிருந்தே நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை.

என் மகன் ஸ்ரீகண்டன் காலமாகி ஒரு வருஷம் கழிந்திருந்தது. ரசாயனத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள் நிருபமா. அந்தப் படிப்பைப் பற்றி அதுவரை யாரும் பேசியதில்லை. மர்பி டவுன் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் லெக்சரர் நடுவில் விட்டுப் போய்விட்டார், மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டுமாம் என்று அவள் வந்து நின்றபோது, எங்கள் வீட்டுப் பெண்களுக்கு உத்தியோகம் வழக்கமில்லை என்றேன். "அவ படிச்ச படிப்பை என்ன, ஊறுகாயா போட்டு வெக்கறதா?" என்று என் மனைவி பாமா உள்ளேயிருந்து கேட்டாள். நானும் கூட வருவேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன். "ஒரே ஒரு தடவை மாமா. அவா வேண்டாம்னுட்டா, அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்றாள் நிருபமா.

கல்லூரி முதல்வர் மௌரீன் என்ற அம்மாள். கவுனும் மூக்குக்கண்ணாடியுமாக வாசலிலேயே எதிர்கொண்டார். "மாமனாரே கூட்டிட்டு வந்தாரா! நல்ல ஆளுதான் நீங்க, அங்கிள்." நான் யாருக்கும் அங்கிள் இல்லை. நேரே கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். ஜனவரி மாதத்து வெயில் ஜன்னல் வழியே பெண்களின் தலைகள் மேல் விழுந்துகொண்டிருந்தது.

நிருபமா கரும்பலகையில் சில எண்களை எழுதினாள். ஆக்சிஜன் மூன்றரை, கார்பன் இரண்டரை, ஹைட்ரஜன் இரண்டு புள்ளி ஒன்று. எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் பலம் இதுதான் என்றாள். "ஒரே போர்வைய ரெண்டு பேர் போத்திட்டுப் படுத்தா என்ன ஆகும்?"

முன் பெஞ்சில் தாரணி என்ற பெண் எழுந்தாள். "எங்கண்ணன் ஃபுல்லா இழுத்துக்குவான் மிஸ். எனக்குக் காலு வெளிய கெடக்கும்."

"ஆக்சிஜன்தான் உங்கண்ணன். போர்வைய முழுசாப் பிடுங்கல, ஆனா அவன் பக்கம் ஜாஸ்தி. அதனால அந்தப் பக்கம் லேசா மைனஸ், ஹைட்ரஜன் பக்கம் லேசா ப்ளஸ்."

"அப்ப முழுசாப் பிடுங்கறவன், மிஸ்?"

"சோடியத்துக்கிட்ட குளோரின். நீ தின்ற உப்பு."

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எங்கள் சமையலறையிலிருந்து கூடம்வரைகூட எட்டாத குரல் கடைசி பெஞ்சுக்குத் தெளிவாக வந்துகொண்டிருந்ததை ஆச்சரியத்தோடு கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் இந்தக் குரல் எங்கே இருந்தது?

மேஜையில் இரண்டு நீளக் கண்ணாடிக் குழாய்கள் நின்றன. ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். ஒரு சீப்பைத் தன் தலையில் பலமுறை தேய்த்துவிட்டு, தண்ணீர்க் குழாயின் திருகைத் திறந்தாள். தண்ணீர் நூலாக இறங்கியது. சீப்பை அருகில் கொண்டுபோனாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தேய்த்தாள். அப்போதும் இல்லை.

"தலையில எண்ணெய் இருந்தா சீப்புல சார்ஜ் ஏறாது. ஏறினாத்தான் தண்ணி சீப்புப் பக்கம் வளையும்" என்றாள் வகுப்பைப் பார்த்து. "எண்ணெய் வெக்காதவங்க யாராவது இருக்கீங்களா?"

எல்லாத் தலைகளும் எண்ணெயில் மின்னின. ஒரு கையும் உயரவில்லை. "என்னைப் பாக்காதம்மா. டை அடிச்சு, மேல ஸ்ப்ரே வேற" என்ற மௌரீன் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் ஏன் முந்தின நாளே தலைக்குக் குளித்தாள் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கடைசி பெஞ்சை அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. "என் தப்பு மேடம். காலைல வந்ததும் செஞ்சு பாத்திருக்கணும்" என்றாள். சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். அவள் கழுத்தில் வியர்வை வழிந்தது. இந்த வகுப்பு இப்படியே முடிந்தால் அவள் சொன்ன சொல் தவறமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

தலை வாரிக்கொள்ளாமல் தெருவில் போவதை இன்றும் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆனால் எங்கள் வீட்டுப் பெண் வெளியார் முன்னால் தோற்று நிற்க, நான் தலைப்பாகையோடு உட்கார்ந்திருப்பதா?

எழுந்து முன்னால் போனேன். பேட்டாவைக் கழற்றினேன். மேஜையில் மண்ணெண்ணெய் சிந்தியிருந்தது. வைக்க இடம் தெரியாமல் நின்றபோது, மௌரீன் அம்மாள் எழுந்து இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கோட்டுப் பையிலிருந்து என் சீப்பை எடுத்து நீட்டினேன்.

"இந்தத் தலையில எண்ணெய் கிடையாது."

"மாமா..."

"நாழியாறது. ஆரம்பி."

நான் உயரம். அவளுக்கு எட்டவில்லை. சுவாமி சந்நிதியைத் தவிர வேறெங்கும் குனிந்ததாக எனக்கு நினைவில்லை. குனிந்தேன். சீப்பு என் நரைமுடியில் சடசடவென்று ஓடியது. பிறகு அது தண்ணீரின் அருகே போனது. நேராக இறங்கிக்கொண்டிருந்த நூல் வளைந்து, சீப்பை நோக்கிச் சாய்ந்தது. பெண்கள் கூவினார்கள். மண்ணெண்ணெய்க்காக இன்னொரு முறை குனிந்தேன். அது எதையும் சட்டை செய்யாமல் நேரே விழுந்தது.

"கார்பனும் ஹைட்ரஜனும் ஏறக்குறைய ஒரே பலம்" என்றாள் நிருபமா. குரல் மறுபடி கடைசி பெஞ்சை எட்டியது. "போர்வை நடுவுலயே இருக்கு. ப்ளஸ் முனை, மைனஸ் முனைன்னு ரெண்டு இருந்தாத்தானே சீப்பு இழுக்கும்?"

நான் வைக்கச் சொன்ன எண்ணெயால் நடந்ததை அவள் பாமாவிடம்கூட இதுவரை சொல்லவில்லை. நன்றி சொல்லிக்கொள்ளும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

"தாத்தா, நான் ஒருவாட்டி!" என்று தாரணி ஓடிவந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் எழுந்து வரிசை கட்டினார்கள். மௌரீன் அம்மாள் தடுக்கவில்லை. அவர் கைக்கடிகாரம் என் பேட்டாவின் மடிப்புக்குள் மறைந்திருந்தது. நான் நிமிரவில்லை. சீப்பு கை மாறிக் கை மாறித் தலையில் ஓடியது. குனிந்த நிலையிலேயே பக்கவாட்டில் பார்த்தேன். ஜன்னல் வெயிலில் அந்த மெல்லிய நீர்நூல் ஒவ்வொரு முறையும் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது.