மூன்று மணி நேரப் பிழை

கைபேசி செய்யும் ஹாலிவென் நிறுவனத்தின் ஆண்டு மாநாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தொடக்க உரையில் பெரிய அறிவிப்புகள் எல்லாம் முடிந்த பிறகு, மேடையில் சொல்ல நேரமில்லாத புதுமைகளைப் பொடி எழுத்தில் அடைத்து ஒரு பட்டியல் திரையில் வரும். மூன்று நொடிதான் நிற்கும். அரங்கில் இருக்கும் ஐயாயிரம் மென்பொருள்காரர்களும் கைபேசியைத் தூக்கி அதைப் படம் பிடிப்பார்கள். பிறகு குனிந்து, படத்தைப் பெரிதாக்கி, தங்கள் பிழைப்பு அதில் இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால், அவர்கள் விற்கும் செயலியின் வேலையை ஹாலிவென் இனி ஒவ்வொரு கைபேசியிலும் இலவசமாகவே தரப்போகிறது என்று பொருள்.

லோவெல் பிராண்ட்வோல்டு பட்டியலின் நான்காவது வரியில் அதைக் கண்டுபிடித்தார். மாத்திரை நினைவூட்டல். இரண்டே சொற்கள். புதிய பூனைப் படங்களுக்கும் வானிலை வரைபடத்துக்கும் நடுவில் இருந்தது.

பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்தார். "உங்களதும் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"என்னோடது போன வருஷமே போச்சு. இந்தத் தடவை சும்மா சாப்பாட்டுக்குத்தான் வந்தேன்." சொல்லிவிட்டு மேடையைப் பார்த்துக் கைதட்டினார். லோவெலும் தட்டினார். அங்கே எல்லோரும் தட்டுவார்கள்.

அது அவருக்கு இருபத்திரண்டாவது மாநாடு. அவர் முதலில் போனது சான்டா கிளாராவில் ஒரு கல்லூரியின் சாப்பாட்டுக் கூடத்துக்கு. முந்நூறு பேர் இருந்தார்கள். ஹாலிவென் பொறியாளர்கள் அதே மேசையில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றபடி, கேட்டவர் கண்முன்னாலேயே பிழையைத் திருத்திக் கொடுத்தார்கள். ஒருவர் தன் வீட்டுத் தொலைபேசி எண்ணைக்கூட எழுதித் தந்தார். கைபேசிகள் வந்தபின் மாநாடு சான் ஹோசேயின் பெரிய அரங்குக்கு மாறியது. நுழைவுச்சீட்டு குலுக்கலில் விழுந்தால்தான் உண்டு. பொறியாளர்கள் எதிர்காலத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று உத்தரவு வந்தது. எதைக் கேட்டாலும் ஒரே பதில்: காரணத்தோடு எழுதிக் கொடுங்கள்.

மூன்று வருடம் முன்பு லோவெல் எழுதிக் கொடுத்தார். ஃப்ரெஸ்னோவில் நாலு பேர் சேர்ந்து நடத்தும் அவருடைய நிறுவனம் மாத்திரை நேரத்தைச் சொல்லும் ஒரே ஒரு செயலியை விற்கிறது. வாங்குபவர்களில் பாதிப்பேர் வலிப்பு நோயாளிகள். கைபேசி ஒலி அடங்கியிருந்தாலும் மணி அடிக்க அனுமதி வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. ஆனால் அவர் பதினொரு பக்கம் எழுதினார். நோயாளி எந்த வேளையை மறப்பார், நடுங்கும் விரலுக்குப் பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், இரண்டு முறை விழுங்காமல் எப்படித் தடுப்பது என்று ஒன்பது வருடத்தில் கற்றதையெல்லாம் எழுதினார். பதில் வரவில்லை. இப்போது ஹாலிவென்னின் முன்னோட்டப் பதிப்பைத் தன் கைபேசியில் ஏற்றிப் பார்த்தபோது, அந்தப் பதினொரு பக்கமும் அதே வரிசையில் இருந்தது.

மதியம் ஆலோசனை மேசையில் அவருக்கு அரை மணி நேரம் கிடைத்தது. எதிரில் ரெனாட்டா கிளிங் என்ற பொறியாளர். லோவெலின் கழுத்து அட்டையில் பெயரைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"அந்தப் பதினொரு பக்கம் நீங்கதானா? புதுசா யார் சேர்ந்தாலும் முதல்ல அதைத்தாங்க படிக்கக் குடுக்கறோம்."

"நான் கேட்டது ஒரே ஒரு அனுமதிதாங்க."

"அதுவும் குடுத்துட்டோமே." அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. "ஐயோ. உங்க செயலியே அதுதான், இல்லையா?"

"ஆமா."

"மன்னிச்சுக்கோங்க. அதைப் பத்தி நான் பேசக்கூடாது."

அவர் மேற்கொண்டு அதைப் பேசவில்லை. மேசைக்கு வருமுன் ஒரு சோதனை செய்திருந்தார். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று வைத்து, கைபேசியின் நேரத்தை, மூன்று மணி நேரம் பின்தங்கியிருக்கும் ஹொனலுலுவுக்கு மாற்றினார். ஹாலிவென்னின் மணி அந்த ஊர்க் கடிகாரத்தைப் பின்பற்றி மூன்று மணி நேரம் தாமதமாக அடித்தது. பதினைந்து மணி நேர இடைவெளி. சில நோயாளிகளுக்கு வலிப்பு வர அது போதும். லோவெலின் செயலி கடிகாரத்தைப் பார்க்காது; முந்தைய மாத்திரைக்குப் பின் எத்தனை மணி நேரம் கழிந்தது என்று எண்ணும். இதை மட்டும் அந்தப் பதினொரு பக்கத்தில் அவர் எழுதவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருந்தார்.

"இப்ப ஒருத்தர் ஒரு பிழை சொன்னா, செப்டம்பர் வெளியீட்டுக்குள்ள சரி பண்ணிடுவீங்களா?" என்று கேட்டார்.

"இந்த வாரம் எழுத்துல வந்தா பண்ணிடுவோம். வாயால சொன்னா ஒருத்தரும் தொடமாட்டாங்க. இந்த வாரம் தாண்டி வந்தா அடுத்த வருஷம்தான். ஏன், ஏதாவது கண்ணுல பட்டுதா?"

"பார்த்துட்டு எழுதறேன்."

லோவெலின் தொழில் கூட்டாளி கொரீன் ஆக்டர்பெர்க்குக்குக் குலுக்கலில் சீட்டு விழவில்லை. எதிர்ச் சாரியில் டாக்கோ விற்கும் சாப்பாட்டுக் கடையில் காத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மேசையைத் தட்டினாள்.

"ஒரு வருஷம்யா! வானத்துல இருந்து விழுந்த ஒரு வருஷம். அவங்களோடது தப்பா அடிக்குது, நம்மளோடது சரியா அடிக்குதுன்னு நாம ஊரெல்லாம் சொல்லலாம்."

"எத்தனை பேர் காதுல விழும்? நம்மகிட்ட நாப்பதாயிரம் பேரு. அவங்ககிட்ட கோடிக்கணக்குல."

"அவங்க பிழையை அவங்களே தேடிக்கட்டும். ஆயிரம் பேருக்குச் சம்பளம் குடுத்து வெச்சிருக்காங்கல்ல? உனக்கு யாரு குடுக்கறா?"

"தேடிப்பாங்க. எவனாவது நடுரோட்டுல விழுந்ததுக்கு அப்புறம்."

"லோவெல், நீ நல்லவன்னு எனக்குத் தெரியும். அதான் பத்திக்கிட்டு வருது. நாம குடுக்கற சம்பளத்தை நம்பி ஹாயிட் போன மாசம்தான் வீடு வாங்கினான்."

"தெரியும்."

"தெரிஞ்சா வாயை மூடிக்கிட்டு இரு."

அவர் அரங்குக்குத் திரும்பினார். நடைக்கூடத்துத் தரைவிரிப்பில், மின்சாரம் எடுக்க இடம் இருந்த சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களோடு உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். முதலில் இரண்டே வரி எழுதினார். ஊர் மாறினால் மணி சரியாக அடிப்பதில்லை என்று மட்டும். அப்படி வரும் அறிக்கைகள் கிடப்பில் போய்விடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னதாகவும் இருக்கும், யாரும் படிக்காமலும் போகும். அந்த இரண்டு வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அழித்துவிட்டு, சோதனையைப் படிப்படியாக எழுதினார். எந்த மருந்தில் எத்தனை மணி தாமதம் ஆபத்து என்று எழுதினார். தன் செயலி எப்படி எண்ணுகிறது என்பதையும் எழுதி அனுப்பினார்.

இருபது நிமிடத்தில் ரெனாட்டாவிடமிருந்து பதில் வந்தது. மிகத் தெளிவாக இருக்கிறது, இன்றே எடுத்துக்கொள்கிறோம்.

அவர் மடிக்கணினியை மூடும்போது ஃப்ரெஸ்னோவிலிருந்து ஹாயிட் அழைத்தான்.

"பாஸ், உட்கார்ந்திருக்கீங்களா, நிக்கறீங்களா?"

"தரையில உட்கார்ந்திருக்கேன்."

"அப்படியே இருங்க. பொழச்சோம் பாஸ்! அவங்க முன்னோட்டத்தைப் போட்டு நோண்டிப் பார்த்தேன். ஊர் மாறினா மணி அப்படியே சொதப்புது! மூணு மணி நேரம்! ஒரு பயலும் கவனிக்கல போல. இதை இந்த வருஷம் தொடமாட்டாங்க. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க. கொரீன்கிட்டகூட மெதுவா சொல்லுங்க, அந்தம்மா கத்தி ஊரையே கூட்டிடுவாங்க."

லோவெல் அவன் பேசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஹாயிட்," என்றார். "நான் எழுதிக் குடுத்துட்டேன்."

"எதை?" என்று கேட்டான். அவன் குரலில் இன்னும் சிரிப்பு இருந்தது.