கனமானதைக் கொடுங்கள்

பெண் ஒருத்தி துப்பாக்கி வாங்க வேண்டுமென்றால், நியூ மெக்சிகோவின் ஆண்கள் அத்தனை பேருக்கும் கை தானாகச் சின்னதின் பக்கம்தான் போகும். டெல்ஃபினாவின் தம்பி எல்ஃபேகோவும் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒன்றைத்தான் வாங்கி வந்து நீட்டினான்.

டெல்ஃபினா வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். போன மாதம் ஒரு தனிப் பண்ணை வீட்டில், காலில் ஆறாத புண்ணோடு கிடந்த கிழவியின் மகன் கதவை மறித்து நின்றான். மருந்துப் பெட்டியால் அவன் முழங்காலில் இடித்துவிட்டு ஓடிவந்தாள். அதன்பின் தனி வீடுகளுக்குப் போகவில்லை. போகாததுதான் அவளைத் தின்றது.

சுடுதிடலில் சின்னத் துப்பாக்கி உதைத்த உதையில் மணிக்கட்டு வீங்கியது. இருபத்தைந்து குண்டில் ஒன்பதுதான் குறி அட்டையில் பட்டது. துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லும் உரிமத் தேர்வுக்குப் பதினெட்டு வேண்டும்.

"இத நீ சுட்டுப் பாத்தியாடா?"

"பொம்பளைங்களுக்குன்னே செஞ்சதாம்க்கா."

"சொன்னவன் பொம்பளையா?"

மறுநாள் அவளே கடைக்குப் போய் ஐந்து துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்து, கையை அதிகம் உதைக்காத கனமானதை எடுத்தாள்.

"அடுப்பையே இடுப்புல கட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்க்கா!"

அவள் அதை நர்ஸ் சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு கண்ணாடி முன் குனிந்தாள், நிமிர்ந்தாள், கையைத் தூக்கினாள். எங்கும் புடைக்கவில்லை.

சுடும்போது குண்டுகள் மட்டும் குறிக்குக் கீழேயே போயின. காரணம் தேட, தோட்டாக்களோடு ஒரு போலித் தோட்டாவைக் கலந்து போடத் தம்பியிடம் சொன்னாள். அதன் முறை வந்தபோது வெடிக்கவில்லை. ஆனாலும் குழாய் முனை சட்டென்று தலைகுனிந்தது.

"உதைக்கறதுக்கு முன்னாடியே பயந்துட்டியேக்கா!" என்று சிரித்தான் தம்பி.

"ஆமா. பயந்தேன். இப்ப தெரிஞ்சுபோச்சு இல்ல?"

தினமும் காலையில் துப்பாக்கியைக் காலி செய்து, இருமுறை சரிபார்த்து, குழாயின் மேல் ஒரு காசை வைத்து விசையை அழுத்தினாள். முதல் வாரம் முழுக்கக் காசு தரையில் கிடந்தது. நாலாம் வாரம் அசையவில்லை. வீம்பு பிடித்தவளுக்குத்தான் அது வரும்.

தேர்வில் இருபத்து மூன்று. எல்ஃபேகோ அட்டையை எண்ணி, மறுபடி எண்ணினான். பிறகு தொப்பியைக் கழற்றினான்.

உரிமம் கைக்கு வந்த அன்றே அந்தக் கிழவிக்குப் போன் செய்து, திங்கட்கிழமை வருகிறேன் என்றாள்.

"அந்த வீட்டுக்கேவா? வேற வீடே இல்லியா ஒனக்கு?"

"கெழவி கால் இன்னும் ஆறலடா," என்றாள்.